உள்ளே போனால் ரிஜெக்ட்

ஓசூர்
12.11.1987

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு, மருமகன் மாடசாமி வணங்கி எழுதுவது. இங்கே நான், தங்கள் மகள் பேச்சியம்மாள், ஒன்பது மாதப் பேரன் மூவரும் சுகம். அங்கே தங்கள் சுகத்தையும், அத்தையின் முழங்கால் சுகத்தையும், கன்று போட்ட பசுவின் சுகத்தையும் அறிய ஆவல்.

தங்கள் கார்டு செவ்வாயன்று கிடைத்தது. ஞாயிறன்று ரத்தினவேல் மச்சான் வந்து பேரனைச் சங்கரன்கோவிலுக்குத் தூக்கிப்போவார், பள்ளிக்கூட வயது வரை அவன் அங்கேயே வளரட்டும் என்று எழுதியிருந்தீர்கள். மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், யாரும் வர வேண்டாம். பேச்சியம்மாள் வருகிற திங்கள் முதல் வேலைக்குப் போகிறாள். அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதிய ஷிப்ட். காலை முழுவதும் பிள்ளை என் பொறுப்பு. ஆறு வருடமாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன், என் கண்ணில் படாமல் ஒரு சாமான் கேட்டைத் தாண்டியதில்லை.

பொத்தான் விஷயத்தை அவள் எழுதிவிட்டாள் என்று தெரிகிறது. அவள் எழுதியது பாதிதான், முழுதும் நான் சொல்கிறேன். எங்கள் கம்பெனி நர்சம்மா, பிள்ளைக்குப் பொம்மையே வேண்டாம், வீட்டுச் சாமானைத் தொட்டும் தட்டியும் முகர்ந்தும் பார்த்தாலே அறிவு வளரும், தொண்டையில் அடைக்கிற அளவில் மட்டும் எதுவும் கூடாது என்றார். அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஃபோர்மேன் ராஜப்பனிடம் கெஞ்சி, தண்டுகளை விட்டுப் பார்க்கிற, தேய்ந்துபோன அளவு வளையம் ஒன்றைக் கேட் பாஸ் போட்டு வாங்கிவந்தேன். ஒரு ரூபாய்க் காசைவிடத் துளை கொஞ்சம் பெரிது. மறுநாள் விடிந்ததும் அடுப்படியைக் கவிழ்த்து ஒவ்வொரு சாமானையும் அதற்குள் விட்டுப் பார்த்தேன். இங்கேதான் மாமா, கை என்னை ஏமாற்றிவிட்டது. கம்பெனியில் வளையத்துக்குள் போகிற இரும்புத் தண்டு நல்லது, பச்சைப் புள்ளி. போகாதது சிவப்பு, ரிஜெக்ட். அதே பழக்கத்தில் பொத்தான், புளியங்கொட்டை, பேனா மூடி எல்லாவற்றுக்கும் பச்சை வைத்துத் தட்டில் பரப்பினேன். இட்லித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, மரக்கரண்டி எல்லாம் சிவப்பு வாங்கி வாசலுக்குப் போயின. பிள்ளையைத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, அடுத்த சாமானைத் தேடித் திரும்பினேன்.

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பையன் தட்டை விட்டுத் தவழ்ந்துபோய், ரிஜெக்ட் குவியலில் உட்கார்ந்து கரண்டியால் இட்லித் தட்டை அடித்துக்கொண்டிருந்தான். போகிற வழியில் பொத்தான் ஒன்றை மட்டும் வாயில் போட்டிருக்கிறான். அவள் விரலை விட்டு அதை எடுத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, இதுக்குள்ள போறது அவன் தொண்டைக்குள்ளயும் போகும்லா?" என்றாள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை, பிள்ளையை மடியை விட்டு இறக்கவுமில்லை.

ஆனால் அது போன மாதம். இப்போது சுவரில் சாக்பீஸால் ‘உள்ளே போனால் ரிஜெக்ட்’ என்று எழுதிவைத்திருக்கிறேன்; நான் பார்த்த பிறகு அவளும் ஒருமுறை பார்க்கிறாள். அதிலிருந்து வீட்டில் தினமும் திருவிழாதான். குளிர்ந்த டம்ளரைக் கன்னத்தில் வைத்தால் சிரிக்கிறான், வெங்காயச் சருகை நசுக்கிக் காதருகே கொண்டுபோகிறான். வீட்டுக்காரம்மா நஞ்சம்மா ஒரு தாம்பாளம் கேழ்வரகு மாவைக் கொண்டுவந்து வைத்து, "கூசு ஆடட்டும் விடப்பா" என்றார். கூசு என்றால் அவர் பாஷையில் கைக்குழந்தை. அவன் கையை முழங்கை வரை விட்டு அளைந்து, தும்மி, தன் தும்மலுக்குத் தானே பயந்து, மறுபடி அளைந்தான். நேற்று டிபன் கேரியர் மூடியில் தன் முகத்தைப் பார்த்து "ப்பா" என்றான். என்னைத்தான் கூப்பிட்டான். மூடியைச் சொன்னான் என்கிறாள் உங்கள் மகள்.

தாங்கள் அனுப்பிய, சாவி கொடுக்கிற ரயில் பொம்மை பத்திரமாக இருக்கிறது. அதன் அட்டைப்பெட்டியை மட்டும் அவன் நக்கித் தீர்த்துவிட்டான்.

மாமா, வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது அவன் இல்லாத வீடு எனக்கு எதற்கு? அவனை இங்கேயே விடுங்கள். அத்தைக்கு என் வணக்கம், பசுவுக்கும் கன்றுக்கும் என் அன்பு.

தங்கள் மருமகன்,
மாடசாமி

பி.கு. (செவ்வாய், 17.11.87): வாங்கிவைத்த தபால்தலையைப் பேரன் நக்கி இட்லித் தட்டில் ஒட்டிவிட்டதால் இக்கடிதம் அன்றைக்குப் போகவில்லை. ஞாயிறு காலை ரத்தினவேல் மச்சான் முறைத்துக்கொண்டே வந்து இறங்கினார். பேரன் அவர் கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்தான். உட்கார்ந்தவர்தான், இரண்டு நாளாக பஸ்ஸை விட்டுவிட்டார், சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. இன்று காலை மீசையெல்லாம் கேழ்வரகு மாவோடு, "மச்சான், ஒங்க கம்பெனில ஆளு எடுக்காவளா?" என்று கேட்கிறார். ஆகையால் யாரும் வர வேண்டாம் என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். யாராவது உடனே வர வேண்டும். பேரன் இங்கேதான் இருப்பான், மச்சானைத்தான் தூக்கிப்போக வேண்டும்.