ஒன்பது பச்சைப் புள்ளிகள்

அலுவலகத் திரையின் மூன்று பச்சைப் புள்ளிகளில் மூன்று தடவையாவது சிவப்பு விழுந்தால்தான் கொட்டகை சாருக்கு வேலை நிலைக்கும். படம் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியும் மூன்றும் பசுமரத்தாணி போலப் பதிந்து கிடந்தன.

கொட்டகை சார் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். கம்பெனியின் விண்வெளிப் படத்தின் ஆறு பாகங்களையும் தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கி ஓட்டியவர் அவர்தான். இப்போது ஏழாம் பாகம் தயார். அது தியேட்டருக்கா, நேராக ஓடிடிக்கா என்று ஆறு மாதமாகக் கூட்டம் போட்டுக் களைத்த முதலாளி, கடைசியில் ஒரு சோதனை வைத்தார்.

ஒரே ஒரு வீடு. டிவி மேல் ஒரு குட்டிப் பெட்டி. உட்கார்ந்திருக்கும் தலைக்கு ஒரு பச்சைப் புள்ளி, எழுந்தால் சிவப்பு. படம் கம்பெனியிலிருந்து நேராக டிவிக்கு வரும், யாரும் ரிமோட்டைத் தொடக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் மூன்று தடவை சிவப்பு விழுந்தால், வீட்டில் உட்கார வைக்க முடியாத படம், தியேட்டரில் பூட்டித்தான் காட்ட வேண்டும். விழாவிட்டால் ஏழாம் பாகமும் இனி பிறக்கப்போகும் பாகங்களும் ஓடிடிக்கு. தியேட்டர் பிரிவை மூடிவிடலாம். தியேட்டர் பிரிவு என்பது ஒரு மேஜையும் அதன் பின்னால் கொட்டகை சாரும்.

எந்த வீடு என்ற கேள்வி வந்தபோது முதலாளி கொட்டகை சாரின் வீட்டையே காட்டினார். ஆறு பாகத்தையும் ஓசி டிக்கெட்டில் பார்த்துக் கொட்டாவி விட்ட குடும்பம். அவர்களே உட்கார்ந்தால் ஊரே உட்காரும் என்பது அவர் கணக்கு.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று கொட்டகை சார் உள்ளுக்குள் குதித்தார். மாமனாருக்குச் சர்க்கரை, அரை மணிக்கு ஒரு நடை உறுதி. மச்சான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்காவிட்டால் அது ஓடிப்போய்விடும் என்று நம்புகிறவன். மனைவியோ உட்கார்ந்து காபி குடித்தே வருஷமாகிறது.

ஐம்பது நிமிடம் போனது. மூன்றும் பச்சை.

"மாமனாருக்குச் சர்க்கரைனு சொன்னீங்களே?" என்றார் முதலாளி.

"ஆமா சார். இருபது வருஷமா."

"குணமாயிடுச்சு போல."

கொட்டகை சார் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு மனைவிக்குப் போன் போட்டார். அவள் கிசுகிசுத்தாள்.

"அப்புறம் பேசுங்க. இங்க ஒரே படபடப்பா இருக்கு."

"என்னாச்சு?"

"ஆகுமா ஆகாதான்னே தெரியல. வைக்கிறேன்."

பதினெட்டு வருஷ இல்லறத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் இப்படிப் படபடத்ததில்லை. திரும்பி வந்தால், முதலாளி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: 'போன் அடித்தும் அசையவில்லை.' பெட்டி அதையும் கேட்டிருக்கிறது.

அடுத்து கம்பெனி டிரைவரை ஓரங்கட்டினார். வீட்டுக்குப் போய், மின்சார ஆபீஸிலிருந்து வருவதாகச் சொல்லி மூன்று பேரையும் வாசலுக்கு வரவழைக்க வேண்டும். டிரைவர் நம்பிக்கையானவர், சிவப்பு விளக்கில்கூட அவ்வளவு சுலபமாக நிற்க மாட்டார். கால் மணி நேரத்தில் திரையில் நான்காவதாக ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது.

கொட்டகை சாருக்கு வயிறு மறுபடியும் சரியில்லாமல் போனது. கழிவறையிலிருந்து டிரைவருக்குப் போன் போட்டார்.

"கதவு திறந்தே கிடந்துச்சு சார். உள்ள போனேன். உட்காருன்னாங்க."

"எந்திரிச்சு வாய்யா."

"வர்றேன் சார். இது என்னாகுதுனு மட்டும் பார்த்துட்டு."

இனி ஒரே வழி கீழ்வீட்டு வாத்தியார்தான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முப்பது வருஷம் யாரையும் நிம்மதியாக உட்கார விடாதவர். அவரைக் கூப்பிட்டு, தன் வீட்டில் கேஸ் கசிவதாகச் சந்தேகம், உடனே எல்லாரையும் வெளியே துரத்துங்கள் என்று பதறினார். அந்தப் பதற்றத்தில் மட்டும் பொய் இல்லை.

வாத்தியார் கடமை வீரர். மனைவியையும், வந்திருந்த சம்பந்திகள் இரண்டு பேரையும், எதற்கும் இருக்கட்டும் என்று காவலாளியையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார். போய் மோந்து பார்த்திருக்கிறார். வாசனை இல்லை. பிறகு டிவியைப் பார்த்திருக்கிறார்.

"அஞ்சு," என்றார் முதலாளி. "ஏழு. ஒம்பது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வீட்டுக்குள்ளயே ஹவுஸ்ஃபுல்யா."

கொட்டகை சார் தன் மேஜையில் எவையெல்லாம் சொந்தச் சாமான் என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு ஸ்வெட்டரும் தேறின.

இரண்டு மணி நேரம் முடிந்தது. ஒரு சிவப்புகூட விழவில்லை. முதலாளி ஓடிடி ஒப்பந்தத்தை எடுத்துப் பிரித்தார். கையெழுத்துப் போடும் பேனாவை, தியேட்டர் பிரிவின் கடைசிப் பணியாகக் கொட்டகை சாரிடமே வாங்கினார். முனை காகிதத்தைத் தொடும் நேரத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஜனங்களின் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கொட்டகை சாரின் போனிலிருந்தே வீட்டுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

எடுத்தது வாத்தியார். குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கம்பெனி முதலாளி பேசுறேன். அப்படி உங்களை எந்திரிக்க விடாம கட்டிப்போட்டது எந்தக் கட்டம், சொல்லுங்க?"

"கட்டமா, ஐயா? நான் வந்ததுல இருந்து ஒரே கட்டம்தான். கறுப்பு வானம், நடுவுல வெள்ளையா வட்டமா ஒரு கப்பல், நிக்காம சுத்துது, கீழ சதவீதம் ஒண்ணொண்ணா ஏறுது. இவங்க மூணு பேரும் பூஜ்யத்துல இருந்தே பார்த்திருக்காங்க. தொண்ணூத்தொம்பதுல வந்து நின்னுச்சு பாருங்க, ஒருத்தரும் மூச்சு விடல. அந்த நூறு அடுத்த பாகத்துலதான் வருமா?"