மரிக்கொழுந்து ஆற்றைக் கடந்த வரலாறு

ஒரு காட்டில் ராஜா கிடையாது. முன்பு சிங்கம் இருந்தது. பாலம் கட்டுகிறேன் என்று இருபது வருஷம் வரி வாங்கி, தன் குகைக்கு ஏசி மாட்டிக்கொண்டது. விலங்குகள் அதைத் துரத்திவிட்டு ஜனநாயகம் வைத்துக்கொண்டன.

பாலம் எதற்கு என்று கேட்பீர்கள். கோடையில் இக்கரையில் புல் கருகிவிடும், அக்கரையில் செழித்திருக்கும், நடுவே ஆற்றில் முதலை. மரிக்கொழுந்து என்ற புள்ளிமான் போன கோடையில் தன் தலைக்குட்டியை அந்த ஆற்றில்தான் பறிகொடுத்தது. இப்போது மறுபடி சினையாக இருந்தது.

ஆலோசனை சொல்ல வெளிநாட்டிலிருந்து இரண்டு நிபுணக் கொக்குகள் வந்தன.

"முதல்ல வளர்ச்சி, அப்புறம்தான் ஓட்டு. மலைக்கு அந்தப் பக்கம் புலி தனியா ஆளுறார், எட்டுப் பாலம் கட்டிட்டார்" என்றது ஒன்று.

"முதல்ல ஓட்டு, வளர்ச்சி தானா வரும்" என்றது மற்றது.

"நீங்க ரெண்டு பேரும் எப்படி ஆத்தைத் தாண்டி வந்தீங்க?" என்று மரிக்கொழுந்து கேட்டது.

"பறந்துதான்" என்றன இரண்டும். அந்த ஒரு விஷயத்தில் அவற்றுக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

முதல் தேர்தலில் கரடி ஜெயித்தது. மறுநாளே மேளதாளத்தோடு ஆற்றோரத்தில் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது. பெயர் பொறித்த பெரிய கல். பத்தே நாளில் நரிகள் கட்சி மாறின, ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த குரங்கு, கரடி பெயர் போட்ட கல்லின் மேல் வேலை தொடங்குமா? தன் கல்லை ஒரு தாவு தூரம் முன்னால், தண்ணீருக்குள் நாட்டியது. போட்டோவில் பழைய கல் மறைய வேண்டுமே.

காட்டெருமை, உடும்பு, மயில் என்று வந்தவர்கள் எல்லாம் இதையே செய்தார்கள். ஆட்சி நிலையாக இல்லை, இந்தக் காடு உருப்படாது என்று கொக்குகள் அறிக்கை எழுதின. மரிக்கொழுந்து அறிக்கையைப் படிக்கவில்லை. கல்லை எண்ணியது. பதினேழு. இன்னும் மூன்று விழுந்தால் அக்கரை.

அப்போது பார்த்து நல்லாட்சி வந்து தொலைத்தது.

யானை பெரும்பான்மையோடு ஜெயித்தது. அப்பழுக்கில்லாத யானை. "இனி அடிக்கல் கூத்து கிடையாது. மண் பரிசோதனை செஞ்சு, அஞ்சு வருஷத்துல முறையான பாலம்" என்றது. காடே கை தட்டியது.

மரிக்கொழுந்து, இதற்குள் பிறந்திருந்த குட்டியைக் கூட்டிக்கொண்டு மனுவோடு வரிசையில் நின்றது.

"ஐயா, சித்திரை பொறந்தாச்சு. புள்ள எலும்பும் தோலுமா நிக்குது. ஒரு மூணு அடிக்கல் நாட்டிட்டு அப்புறம் நேர்மையா இருங்களேன்."

"அது வீண் செலவும்மா. ஆத்துல தண்ணி முழங்கால் அளவுதானே, கொஞ்சம் பொறுத்துக்க."

யானைக்கு முழங்கால் அளவுதான். பாவம், அது பொய் சொல்லவில்லை.

மரிக்கொழுந்து மனுவைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது. நேராக நரிகளிடம் போனது.

"என்னண்ணே, எல்லாரும் யானை கட்சியிலேயே கெடக்கீங்க?"

"நாங்க திருந்திட்டோம்மா" என்றது மூத்த நரி.

"உங்க அனுபவத்துக்கு ஆளுக்கொரு மந்திரி பதவிகூடவா தரல?"

நரிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அந்த வாரமே யானை கவிழ்ந்தது. அடுத்த பன்னிரண்டு நாளில் மூன்று அரசுகள். மூன்றாவதாக முதலமைச்சர் ஆனது சாட்சாத் முதலையே. ஆனாலும் சம்பிரதாயத்தை விட முடியுமா? அதுவும் தன் கல்லை நாட்டிவிட்டு, மாலையும் கழுத்துமாக நன்றியுரை ஆற்றத் தொடங்கியது. உரை நீண்டது. மானும் குட்டியும் கல்லுக்குக் கல் தாவி அக்கரை சேர்ந்தன.

யானை தண்ணீரில் நடந்து பின்னாலேயே வந்தது. அதன் கண் கலங்கியிருந்தது.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?"

"நீங்க தங்கமானவருங்கய்யா" என்றது மரிக்கொழுந்து. அதற்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. "புள்ளைக்குப் பசி."

குட்டி தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது.

நீதி: நல்லாட்சி கட்டாயம் வேண்டும். பாலம் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள்.