மூன்று முறை நின்ற தறிகள்

சோமனூரில் ஒரு தறிக்கூடத்தை ஒரே காலையில் மூன்று முறை நிறுத்தியவள் நான். வேலைநிறுத்தம் எதுவும் நடத்தவில்லை. மென்பொருள் எழுதினேன், அவ்வளவுதான்.

அப்போது கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இருபது தறிகளையும் ஒரே தொடுதிரையில் பார்க்கவும் நிறுத்தவும் நான் தனியாக எழுதிய முதல் மென்பொருள் அது. தறிக்கூடம் நடத்தும் சென்னியப்பன் அண்ணனுக்குப் பிடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அன்னூருக்குத் திரும்ப வேண்டியதுதான். (அப்பா அதற்குள் "எம்பொண்ணு இஞ்சினியருங்க" என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.)

கணினியை மேசையில் வைத்ததும் அண்ணன், "ஏனுங்க அம்மணி, புதுச் சாமான். பொட்டு வெக்காம தொடலாமுங்களா?" என்றார். நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில் நானே சந்தனத்தைக் குழைத்துத் திரையின் நான்கு மூலையிலும் அப்பினேன். வலது கீழ்மூலையில் 'எல்லாம் நிறுத்து' என்ற சிவப்புப் பொத்தான் இருந்தது. அதன் மேலும் தாராளமாக ஒன்று.

அண்ணன் திரையில் நாலாம் தறியைத் தொட்டார். இருபது தறியும் நின்றன. "கரண்டு போயிருச்சுங்களா?" என்று நெசவாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். நின்ற தறியை ஒவ்வொன்றாகக் கையால்தான் மறுபடி ஓட்ட வேண்டும். பாவம், ஓட்டினார்கள்.

"புதுசுங்கண்ணா, விரல் பழகோணும்" என்று (வாய் கூசாமல்) சொல்லிவிட்டு நானே தொட்டுக் காட்டினேன். மறுபடி நின்றன. மூன்றாம் முறை எதைத் தொட்டேன் என்றே நினைவில்லை.

காபி கொண்டுவந்த அண்ணனின் மனைவி, "சந்தனம் வழியுது கண்ணு" என்று திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அடுத்த தொடுதலில் நாலாம் தறியின் விவரம் சமர்த்தாக வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பொத்தானில் விரல் பட்டால், அதை எடுக்கும் வரை வேறெங்கு தொட்டாலும் அந்தப் பொத்தானுக்கே போய்ச் சேரும்படி எழுதியிருந்தேன். விரல் வழுக்கிப் பக்கத்துப் பொத்தான் அழுந்திவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை! திரை ஈரச் சந்தனத்தை விரல் என்று நம்பிவிட்டது. விரலென்றால் எடுப்பார்கள், சந்தனத்தை யார் எடுப்பார்கள்?

"தப்பு என்னோடதுங்கண்ணா" என்றேன்.

அண்ணன் சிரிக்கவே இல்லை. "நிறுத்தறது அருமையா வேல செய்யுதுங்க அம்மணி. மத்ததயும் சரி செஞ்சுபோட்டுத் திங்கக்கெழம வாங்க. மொதல்ல காபியக் குடிங்க."

அந்தத் திங்கட்கிழமையால்தான் என் வேலை நிலைத்தது. பிறகு எத்தனையோ பெரிய இடங்களுக்கு எழுதிவிட்டேன். சொதப்பியவளுக்குக் காபி கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான். இப்போது நினைத்தாலும் மனது நெகிழ்கிறது.

என் கல்யாணத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். மேடையேறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "நிறுத்தறதுல அம்மணி கெட்டிங்க. ஓட்டறது இனி உங்க பாடுங்க" என்றார். இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், என் கணவர் மகளிடம் மெல்லச் சொல்கிறார்: "இருபது தறியும் நின்னுபோச்சு கண்ணு, வா, நாம போயி ஓட்டலாம்."