எழுபது கொண்டை ஊசியும் ஒரு கொக்கியும்

என் மனைவியை மலையேற விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முடிவு அல்ல, விண்ணப்பம்.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் எனக்கு வேலை. நீளமான ட்ரெய்லர் லாரிகள் எந்த ரோட்டில் போகலாம், எந்தப் பாலத்துக்கு அடியில் நுழையும், எந்தத் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும் என்று பார்த்து வழி போட்டுக் கொடுப்பேன். காற்றாலை இறக்கையைக்கூடக் கீறல் இல்லாமல் ஊர் கடத்தியிருக்கிறேன். வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது. மொபெட் ஓட்டுவேன், அதுவும் ஓரமாக. வீட்டு ஜீப்பை என் மனைவி தமிழ்ச்செல்விதான் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். அவள் வேறு வழியில் போவாள். இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான் ஊர் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறோம்.

மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு தமிழுக்கு ஒரு யோசனை வந்தது. அவளுடைய அண்ணன் சண்முகவேல் கொல்லிமலை மேலே செம்மேட்டில் மிளகும் காப்பியும் போட்டிருக்கிறார். சனி, ஞாயிறு ஆனால் அருவி பார்க்க வருகிற கூட்டம் அங்கே அலைமோதுகிறது. வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஒன்றும் இல்லை. ஒரு முட்டைக் கடை போட்டால் என்ன என்றாள். முட்டை தோசை, முட்டைப் பணியாரம், முட்டைக் குழம்பு. நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்.

நான் தலையாட்டினேன். யோசனைக்குத்தானே தலையாட்டுகிறோம் என்று நினைத்தேன். மறு மாதம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து ஒரு பெட்டிக்கடை வந்து வாசலில் நின்றது. ரெண்டு சக்கரம், ஷட்டர், அடுப்பு மேடை, கை கழுவத் தொட்டி. முன்னால் ஜீப்பில் மாட்டுவதற்கு ஒரு கொக்கி.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் போனா ஞாயித்துக்கெழம ராத்திரி ஊட்டுக்கு வந்தர்லாமுங்க" என்றாள்.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு என்னங்க?"

"சோறு."

"குக்கர்ல நாலு விசில் உட்டா சோறு ஆயிருமுங்க."

சோறு என்றது ஒரு பேச்சுக்குத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, 'செருப்பை ஏன் நடுவுல கழட்டறீங்க' என்று கேட்க ஆளில்லாத வீட்டில் எப்படி உட்காருவது என்பதுதான் என் கவலை. அதை இந்த வயதில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா. அதனால் தொழில் ரீதியாகத் தடுப்பது என்று தீர்மானித்தேன்.

எங்கள் பக்கமிருந்து கொல்லிமலைக்கு ரெண்டு ரோடு. காரவள்ளி வழியாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. முள்ளுக்குறிச்சி வழியாகப் போனால் கொஞ்சம் சுற்று, ஆனால் ஏற்றம் சாந்தம், வளைவும் குறைவு. பின்னால் வண்டி கட்டிக்கொண்டு போகிறவனுக்கு எது நல்லது என்று எங்கள் ஆபீஸ் சுவரைக் கேட்டாலும் முள்ளுக்குறிச்சி என்று சொல்லும். நான் முள்ளுக்குறிச்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. தமிழ் அண்ணன் வீட்டுக்கு எப்போதும் காரவள்ளி வழியாகத்தான் போவாள். அவளுக்கு அந்த ஒரு ரோடுதான் தெரியும் என்று நம்பினேன். எழுபது வளைவை எடுத்து விரித்தால் போதும், கடை வாசலிலேயே துரு ஏறும்.

அவள் தலையில் இருப்பது நாலே நாலு கொண்டை ஊசி. அதையே என்னால் தாண்ட முடிந்ததில்லை என்பதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பாடத்தை ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"பின்னால கட்டுன வண்டி நீ போற தடத்துல வராது தமிழு. வளைவுல உள்பக்கமா வெட்டும். சக்கரம் பள்ளத்துல எறங்குச்சுன்னா ஜீப்பையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்."

"அப்ப அகலமா எடுத்துத் திருப்போணும். அப்படித்தானுங்க?"

"அகலமா எடுத்தா எதுக்க வர்ற பஸ்ஸு மூஞ்சியில போய் நிக்கணும்."

"பஸ்ஸு எத்தன மணிக்கு எறங்குதுன்னு பாத்துட்டுப் போனா ஆச்சுங்க. இன்னொரு தோச வெக்கட்டுங்களா?"

வைத்தாள். நான் விடவில்லை. பாரத்தைச் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏற்ற வேண்டும், பின்னால் ஏற்றினால் வண்டி வாலாட்டும் என்றேன். சனி, ஞாயிறு கூட்டத்தில் போகவே கூடாது, வார நாளில் விடியக்காலம் மூடுபனி விலகினதும் ஏறிவிட வேண்டும் என்றேன். ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறக்குவதுதான் எமன், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது காய்ந்து புகைந்து கடைசியில் மிதித்தாலும் நிற்காது என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையில் பாதியில் ட்ரெய்லரைத் திருப்பவே முடியாது, கால் வைத்தால் உச்சிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லி நிறுத்தினேன். குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குதா?"

"இருக்காதுங்களா பின்ன. அதனாலதான் கேட்டுக்கறேன்."

வெற்றி நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் கடைசிக் குண்டைப் போட்டேன். "ஒவ்வொரு வளைவுலயும் ஒரு ஆள் எறங்கி முன்னால போவோணும். விசில் அடிச்சு, சிவப்புத் துணி காட்டி, மேல இருந்து வர்ற வண்டிய நிறுத்தோணும். எழுபது தடவ எறங்கி ஏற எந்தக் கிறுக்கன் வருவான்?"

"பாக்கலாமுங்க. ஆராச்சும் கெடைக்காமயா போயிருவாங்க."

தமிழில் எவ்வளவு பேசினாலும் தமிழை ஜெயிக்க முடியாது என்று என் சிநேகிதர்கள் சொல்வார்கள். அன்றைக்கு ஜெயித்துவிட்டதாகவே நினைத்துப் படுத்தேன்.

ரெண்டு நாள் கழித்து அவளே வந்தாள். "நீங்க சொல்றதும் செரிதானுங்க. எதுக்கும் ஒரு தரம் பழகிப் பாத்தர்லாம். நாலே நாலு வளைவு. முடியலீன்னா கடைய வித்துப் போடறேன்."

நாலு வளைவில் அவள் கை நடுங்குவதைப் பார்க்க லீவு போட்டேன். செவ்வாய்க்கிழமை. விடியக்காலம். நான் சொன்னபடியே.

காரவள்ளி அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பையை நீட்டினாள். உள்ளே ஒரு விசில். ஒரு சிவப்புத் துணி. விரித்துப் பார்த்தேன். அவளுடைய பழைய பாவாடை. கீழே சுருக்கு வைத்த ஓரம்கூட அப்படியே இருந்தது.

"இது எதுக்கு?"

"ஆள் வேணும்னு சொன்னீங்களே. நானும் தேடிப் பாத்தனுங்க. உங்களவுக்கு வெவரம் தெரிஞ்ச ஆளு கெடைக்கல."

முதல் வளைவில் இறங்கினேன். விசில் அடித்தேன். பாவாடையை ஆட்டினேன். மதில் மேல் இருந்த குரங்குகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. தமிழ் ஜீப்பை அகலமாக எடுத்தாள். பின்வண்டியின் சக்கரம் உள்ஓரக் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, தொடாமல் திரும்பியது. என் ஆபீஸ் டிரைவர்களில் பாதிப் பேருக்கு அது வராது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் அப்பாவுக்கு டிராக்டர் இருந்தது. டிராக்டரின் பின்னால் கட்டிய குச்சிக்கிழங்கு டிப்பரை ஜவ்வரிசி ஆலைக் கேட்டுக்குள் பின்னால் தள்ளி விடுகிற பெண் என்றுதான் அவளைப் பற்றி எனக்குத் தரகர் சொன்னார். அந்தக் காலத்தில் அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலாவது வளைவில் ஜன்னலண்டை வந்தேன். "போதும் தமிழு. திருப்பு."

"எங்கீங்க திருப்பறது? பாதியில திருப்ப முடியாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"பின்னாலயே மெதுவா எறக்கு."

"நாலு வளைவப் பின்னாலயே எறக்கச் சொல்றீங்க. உங்க லாரிக்காரங்களுக்கும் இப்படித்தான் வழி சொல்லுவீங்களா?"

தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு அஞ்சாவது வளைவுக்கு நடந்தேன்.

பதினஞ்சு வரைக்கும் நடந்தேன். அதற்கப்புறம் நான் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. விசிலில் காற்று வந்தது, சத்தம் வரவில்லை. வீட்டில் குக்கர் அடிக்க வேண்டிய விசிலையெல்லாம் மலையில் நான் அடித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டி ஒரு வளைவில், ஒரே ஒரு வளைவில், தடுப்புச் சுவரில் கொஞ்சம் உட்கார்ந்தேன். அந்த வளைவில்தான் பஸ் வந்தது.

மேலிருந்து வந்த பஸ்ஸும் கீழிருந்து ஏறின ஜீப்பும் ஒன்றை ஒன்று பார்த்தபடி நின்றன. ஜீப் மேட்டில். பின்வண்டி அதை விடச் சரிவில். அது மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பின்னால் இழுக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். ஜீப்பின் சக்கரம் ஒரு விரல்கடை நகர்ந்தது. அந்தப் பக்கம் பள்ளம். சில்வர் ஓக் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

"ஏனுங்க, கட்டை" என்றாள் தமிழ். சத்தம் போடவில்லை. உப்பு எடுங்க என்பது போலச் சொன்னாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஜீப்பின் பின்பக்கம் கிடந்த ரெண்டு மரக்கட்டைகளை எடுத்துப் பின்வண்டிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். ஒன்று நழுவியது. மறுபடி திணித்துக் காலால் உதைத்தேன். வண்டி நின்றது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை நடுங்கியது. பார்க்க வந்தது இந்த நடுக்கத்தைத்தான். ஆள்தான் மாறிவிட்டது.

பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "ஏனுங்க, துணி காட்டற ஆளு எங்கீங்க?"

"வந்துட்டே இருக்காருங்க" என்றாள் தமிழ்.

அவர் சிரித்துவிட்டு பஸ்ஸைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, எங்களை ஒட்டினாற்போல் ஓரமாக ஓட்டிப் போனார். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என் தோளில் கிடந்த பாவாடையைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். தமிழ் வண்டியை எடுக்கவில்லை. தண்ணி பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்க. இனிமே உக்காரோணும்னா சொல்லிப்போட்டு உக்காருங்க. நானும் நிறுத்திக்கறேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மீதி வளைவுகளில் நான் உட்காரவில்லை.

சோளக்காடு ஊரைத் தாண்டிச் செம்மேட்டுக்குள் நுழைந்தபோது சண்முகவேல் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இடம் சமமாக நிரவிக் கிடந்தது. தண்ணிக் குழாய் இழுத்திருந்தது. மேலே பந்தல். நாலு வளைவு பழகிப் பார்க்க வந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான ஏற்பாடு.

"வாங்க மாப்ள, டீ ஆறிப்போச்சு" என்றார். "பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவீங்கன்னு தங்கச்சி சொல்லுச்சு."

கடையைப் பந்தலுக்கு அடியில் தள்ளிக் கொக்கியைக் கழற்றினார்கள். நான் இறங்குகிற பாதையை ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். ரகசியத்தைக் காப்பாற்றும் நிலையில் நான் இல்லை.

"தமிழு, எறங்கறப்ப இதுல வேண்டாம். முள்ளுக்குறிச்சி பக்கமா ஒரு ரோடு இருக்குது. அதுல போலாம்."

"ஆமாங்க, அது நல்ல ரோடு" என்றாள். "அண்ணன் போன வாரம் கேஸ் அடுப்பு, பாத்தரமெல்லாம் அதுலதான் ஏத்திட்டு வந்தாங்க."

நான் சண்முகவேலைப் பார்த்தேன். அவர் டீயைப் பார்த்தார்.

"உனக்கு அந்த ரோடு தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமுங்களே."

"பின்ன எதுக்கு இந்த எழுபதையும் ஏறுனே?"

"வழி போட்டுக் குடுத்தது நீங்க. உங்க தொழில்ல நான் குறுக்க வரலாமுங்களா?" பந்தல் காலில் சாய்ந்துகொண்டு தலைமுடியை அவிழ்த்து முடிந்தாள். "முள்ளுக்குறிச்சின்னா நான் தனியாவே வந்திருப்பனுங்க. நீங்க ஆபீசுக்குப் போயிருப்பீங்க."

வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். "செரி. ஞாயித்துக்கெழம ராத்திரி கடைய எப்படி எறக்குவே? அதுதான் ஆபத்துன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதனாலதான் எறக்கறதே இல்லீன்னு முடிவு பண்ணிட்டனுங்க. கடை இங்கயே இருக்கட்டும். அண்ணன் பாத்துக்குவாங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் நாம பஸ்ஸுல வந்து, ஞாயித்துக்கெழம பஸ்ஸுல போயர்லாம்."

"நாமன்னா?"

"ஊட்ல ஒத்தையா உக்காந்துட்டு என்ன பண்ணுவீங்க?"

நான் அவளிடம் சோறு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். மிச்சத்தை எங்கே படித்தாள் என்று தெரியவில்லை. கையில் இருந்த பாவாடையால் மூக்கைத் துடைத்தேன். மலைக் குளிர் என்று வைத்துக்கொண்டேன். ஒரு மனிதனின் அருமையை அவன் மனைவி இப்படியா காட்டுவாள், நானும்தான் அவளை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று மனசு இளகி, அவளிடம் ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

அவள் ஜீப்பின் பின்சீட்டிலிருந்து ஒரு ஏப்ரனை எடுத்து என் கழுத்தில் மாட்டி, பின்னால் கயிற்றை முடிந்தாள். மார்பில் 'பாத்திரம் கழுவ, மேசை துடைக்க' என்று தையல் போட்டிருந்தது. என் தொப்பைக்கு அளவெடுத்துத் தைத்தது போல அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

அளவெடுத்துத்தான் தைத்திருந்தாள்.