பேட்ரிக் வீட்டுக் காற்று

பின்சுவரில் புதிதாக வைத்த ஜன்னல் வழியே ஒரு துளிக் காற்றும் வரவில்லை. மகள் ஸ்டெஃபனியைப் பெண் கேட்டு பட்டர்வொர்த்திலிருந்து கிளிஃபர்டின் பெற்றோர் கிளம்பியாகிவிட்டது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போன சம்பந்தம்தான். அவன் அம்மா டோரதிதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

ஜார்ஜ்டவுன் வரிசை வீட்டின் கூடத்தில் பேட்ரிக் வியர்த்து நின்றார். கட்டட வரைபட அலுவலகத்தில் ஊரார் வீட்டுக்கெல்லாம் காற்று வழி வரைந்து கொடுப்பவர்.

"ஏர்கான் போடுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்," என்றாள் மனைவி எவ்லின்.

"இருலா. உள்ள வர்ற காத்து வெளிய போக வழி வேணும்ல."

வாசல் கதவையும் முன்பக்க ஜன்னல்களையும் விரியத் திறந்தார். காற்று வந்தது. பின்சந்தில் பக்கத்து வீட்டு காமாரியா வதக்கிக்கொண்டிருந்த, பெலாச்சான் என்னும் இறால் விழுதுச் சம்பாலின் நெடியும் கூடவே வந்தது. எவ்லின் தும்மினாள்.

"கிளிஃபர்ட் அம்மாவுக்கு மூக்கு ரொம்ப கூர்மையாம். அவங்க இதுலயா வந்து உட்காருவாங்க?"

"வேகமா அடிச்சா நெடி நிக்காது," என்று, நடுவில் மறித்துக்கொண்டிருந்த அலமாரியை நகர்த்தினார்.

அவ்வளவுதான். பின்னாலிருந்து புகுந்த காற்று வாசல் வழியே பாய்ந்தது. திரைச்சீலை கேசரியில் போய் விழுந்தது. ஸ்டெஃபனி சேலை கட்டிக்கொண்டிருந்த அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"டாடி, பூட்டு ஜாம் ஆயிருச்சு. தொறக்க வரல."

பேட்ரிக் தோளால் ஓர் இடி இடித்தார். பழைய கதவு கீலோடு பெயர்ந்து, அவரையும் சுமந்துகொண்டு அறைக்குள் விழுந்தது.

எவ்லின் இடுப்பில் கைவைத்தாள். "உங்களுக்குப் பதிலா ஒரு ஃபேனைக் கட்டியிருந்தா சுகமா இருந்திருப்பேன்."

கதவின்மேல் குப்புறக் கிடந்தபடியே பேட்ரிக் கேட்டார், "ஃபேன் உன் சமையலச் சாப்பிட்டிருக்குமா?"

முதலில் ஸ்டெஃபனிதான் சிரித்தாள். எவ்லின் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் விருந்தினர் வாசலேறினார்கள். எவ்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உட்காருங்க. எங்க வீட்டுல சத்தமே இருக்காது. ரொம்ப அமைதியான குடும்பம்," என்றாள்.

கிளிஃபர்டின் அப்பா வேதநாயகம் தொண்டையைச் செருமினார்.

"நாங்க வந்து ரொம்ப நேரமாச்சும்மா, காத்து நல்லா வருதேன்னு கெரெத்தாவ உங்க வாசல்லயே நிறுத்தி, கண்ணாடிய இறக்கிட்டு காருக்குள்ளயே உட்கார்ந்திருந்தோம், எல்லாமே தெளிவா கேட்டுச்சு, இந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும்னு டோரதி அங்கயே சொல்லிட்டா."