மாயாற்றங்கரையில் நான் எடுத்த புலிப்படம்

சொந்தக்காரர்கள் பெரிய கார் வாங்கட்டும், மாடிமேல் மாடி கட்டட்டும். சிரித்த முகத்தோடு கேக் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆனால் சகலை டேவிட் காட்டில் புலி பார்த்துவிட்டு வந்ததை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

டேவிட் என் மனைவி ஷீபாவின் அக்கா கணவர். பொத்தேரியில் இருக்கிறார். முதுமலைக்குப் போனவர், மாயாற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புலியைப் படம் எடுத்துவிட்டார். அதன்பிறகு ஞாயிறு சர்ச் முடிந்து எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்கு அவர் சாப்பிட வந்தால், பிரியாணிக்கு முன்னாலும் புலி, பின்னாலும் புலி.

"நாங்களும் பாத்திருக்கோம், வண்டலூர்ல," என்றேன் ஒருநாள்.

"அது நேரத்துக்குக் கறி வாங்கித் திங்கிற புலி, சகலை," என்றார் அன்பாக. (அந்த அன்பைத்தான் பொறுக்க முடியவில்லை.)

"அத்தானுக்கு எவ்ளோ தைரியம் பாருங்க," என்றாள் ஷீபா. (அவர் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். வேனுக்குள் நானும்தான் தைரியசாலி.)

அடுத்த லீவுக்கே ஷீபாவை அழைத்துக்கொண்டு முதுமலைக்குக் கிளம்பினேன். ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய கேமரா கழுத்தில் தொங்கியது. அதன் லென்ஸைப் பார்த்து, வனத்துறை வேனில் இருந்தவர்கள் ஜன்னலோர சீட்டை எனக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

ஆறு வளைகிற இடத்தில் வேன் நின்றது. எதிர்க்கரைப் புதருக்குள் பழுப்பாக, கறுப்புக் கோடுகளோடு ஒன்று படுத்திருந்தது. காது தெரிந்தது. முதுகு தெரிந்தது. பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். டேவிட்டின் புலி தூரத்துப் புள்ளி. என்னுடையது போஸ் கொடுத்தது.

"என்னங்க," என்று ஷீபா தோளைத் தட்டினாள்.

"பேசாத. ஓடிடப்போவுது."

"என்னங்க, பின்னாடி..."

"அசையாத ஷீபா, ப்ளீஸ்."

வேனில் எல்லோரும் பூனைபோல எழுந்து பின்பக்கம் நகர்ந்தார்கள். என் கேமராவுக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல மனிதர்கள் என்றுகூட நினைத்தேன்.

அப்போது ஒரு மீன்கொத்தி பறந்துவந்து என் புலியின் காதில் உட்கார்ந்தது. நிதானமாக இறகைக் கோதியது. புலி கோபப்படவே இல்லை. வெள்ளத்தில் அடித்துவந்து கரையேறிய மரக்கட்டைக்கு எப்படிக் கோபம் வரும்?

நான் திரும்பியபோது பின்பக்கக் கண்ணாடி முழுக்கத் தலைகள். அவற்றின் இடுக்கில் ஆறு மட்டும் தெரிந்தது. அதன்மேல் கலங்கல் வட்டங்கள் மெல்ல விரிந்துகொண்டிருந்தன.

"நீந்தியே போயிடுச்சுங்க," என்றாள் ஷீபா. அவள் கண் கலங்கியிருந்தது. "நம்மளத் திரும்பிப் பாத்துச்சு."

'நம்மள' என்றாளே, அதில் நான் இல்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை டேவிட் வந்தார். "உன் புலி ஆம்பளையா இருக்கும் ஷீபா," என்றார். "மூஞ்சி பெருசுதான் அத்தான்," என்றாள் இவள். புலி பார்த்தவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்க, நான் தயிர்ப்பச்சடியை நகர்த்தி வைத்தேன். கேமராவை வாங்கி நான் எடுத்த படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்த டேவிட், "ஃபோகஸ் நல்லா இருக்கு, சகலை," என்றார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எதைக் கோட்டைவிட்டாலும் ஒரே கேள்விதான். போன வாரம் தாம்பரத்தில் வேறு பிளாட்பாரத்தில் நின்று ரயிலைத் தவறவிட்டேன். ஷீபாவுக்கு போன் செய்தேன்.

"என்ன, கட்டையப் பாத்துகிட்டு நின்னீங்களா?" என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் டேவிட் சிரிப்பது கேட்டது.