தயவுசெய்து ‘அமைதியாக இரு’ என்று சொல்லாதீர்கள்

பெருமதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நானும் உடம்பளவில் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மகளின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

அவள் மூளையின் உயிரணுக்களை ஆராய்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள் என்று நுட்பமான சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் திறந்து பார்த்தேன். உள்ளே மெல்லிய வெள்ளிக் கம்பிகள். எல்லாம் நுனியில் கறுத்துக் கிடந்தன. வேலைக்காலம் முழுக்க ரயில்பாதை சிக்னல் விளக்குகளைத் துடைத்தே ஓய்வு பெற்றவன் நான். கறுத்த உலோகத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? பல் துலக்கும் பசையும் பழைய துணியும் எடுத்து, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து, இருந்தபடியே பெட்டியில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்தால் சொல்லிக்காட்டக் கூடாது அல்லவா?

பெட்டி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனது. அதன்பிறகு அவள் எடுத்த அளவு ஒன்றும் நிலைக்கவில்லை. திரையில் நேராக ஓட வேண்டிய கோடு சறுக்கிக்கொண்டே போனதாம். உப்புநீரை மாற்றினாள், கருவியை மாற்றினாள், பலனில்லை. ஒரே ஒரு அளவுதான் பாக்கி. அது வராவிட்டால் தேர்வைத் தள்ளிவைப்பேன் என்று பேராசிரியை சொல்லிவிட்டாராம். தேர்வு தள்ளிப்போனால் வேறோர் ஊரில் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலையும் போய்விடும். முகம் வாடி வந்து உட்கார்ந்தவளைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. “நான் வந்து பேசறேன் உன் பேராசிரியைகிட்ட!” என்று செருப்பை மாட்டினேன். “கொஞ்சம் அமைதியா இருங்க,” என்றாள் உங்கள் தம்பி மனைவி. அவ்வளவுதான், என் குரல் எதிர்வீட்டுக்குக் கேட்டது.

“அதைச் சொல்லாதீங்கம்மா, அப்பாவுக்குக் குளோரைடு ஏறியிருக்கு,” என்றாள் மகள். என்ன அது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். மூளையின் உயிரணுவுக்கு ‘புறப்படு’, ‘நில்’ என்று இரண்டு வகை சிக்னல் வருமாம். ‘நில்’ வந்தால் ஒரு கதவு திறந்து, வெளியே இருக்கிற குளோரைடு உள்ளே வரும், அணு அடங்கும். வந்ததை வெளியே இறைத்துவிட ஒரு பம்பு உண்டு. ஆனால் ‘புறப்படு’ ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பம்பு தளர்ந்து, குளோரைடு உள்ளேயே தேங்கிவிடும். அதற்குப் பிறகு ‘நில்’ என்றால் அணு சரியாக நிற்காது. சில சமயம் இன்னும் வேகமாகக் கிளம்பிவிடும். சிவப்பு விளக்கைப் பார்த்து வண்டி வேகமெடுத்தால் எப்படி இருக்கும், அண்ணா! இதைத்தான் அவள் அளந்துகாட்ட வேண்டும்.

கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இவ்வளவு பெரிய ஆராய்ச்சி பண்ற இடத்துல சாமானை எந்த லட்சணத்துல வெச்சிருக்காங்க! கம்பியெல்லாம் ஒரே கறுப்பு. நான்தான் பளபளன்னு தேய்ச்சுக் குடுத்தேன்,” என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். “அப்பா... அந்தக் கறுப்புதான்ப்பா குளோரைடு.”

வெள்ளியின் மேல் வேண்டுமென்றே ஏற்றிய அந்தக் குளோரைடுப் பூச்சு இல்லாவிட்டால் கம்பி சொல்லும் அளவை நம்ப முடியாதாம். பிறகு உங்கள் தம்பி மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள், மகளும் சிரித்தாள். கழிவறை கழுவுகிற பிளீச்சிங் திரவத்தை ஒரு கோப்பையில் ஊற்றி, ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கம்பிகளை மகள் அதில் ஊறவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பழையபடி கறுத்துவிட்டன. மறுநாள் கோடு அசையாமல் ஓடியது, வேண்டிய அளவும் கிடைத்தது. தேர்வு சொன்ன நாளிலேயே நடக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நாள் முழுக்க ‘புறப்படு’ சிக்னல்தான்: மாடிவீட்டுத் துளைபோடும் இயந்திரம், வராத தண்ணீர், எடுத்தால் பாட்டுப் பாடும் தொலைபேசி. பம்பு தளராமல் என்ன செய்யும்? என் கோபத்துக்கு நான் பொறுப்பில்லை என்பது விஞ்ஞானம். இந்த நிலையில் நீங்கள் நாலு பேர் முன்னால் “டேய், அமைதியா இருடா” என்பீர்கள். என் பணி ஓய்வு விழாவில் நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு ஒலிபெருக்கிக்கு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். ஆகவே வரவேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும்.

தங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். “ஐயோ அப்பா, நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அது ஒரு உயிரணுவுக்குள்ள நடக்கிறது. உங்க குளோரைடு எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு இருக்கிறது வெறும் முன்கோபம். பெரியப்பா கண்டிப்பா வரணும், நான் உள்ளே பதில் சொல்லும்போது உங்களை வெளியே பிடிச்சு உட்கார வைக்க ஆள் வேணும்,” என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு முதல் வண்டியிலேயே வாருங்கள். ‘அமைதியா இரு’ என்று எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வு அறைக் கதவின் பித்தளைக் கைப்பிடி கறுத்துக் கிடக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.